திருத்தும் கை யாருடையது?

கடையநல்லூர் வரலாற்றுத் தொடர் – 24

2019 நவம்பர் 22ஆம் தேதி தென்காசி தனி மாவட்டமானது. அதுவரை திருநெல்வேலி மாவட்டத்து ஊராக இருந்த கடையநல்லூர் அன்றிலிருந்து தென்காசி மாவட்டத்து ஊர். அலுவலக முத்திரைகள் மாறின, பெயர்ப்பலகைகள் மாறின, கடிதத் தலைப்புகள் மாறின. நூலக அடுக்கில் இருந்த புத்தகங்கள் மட்டும் மாறவில்லை. மாவட்ட வரலாறு, தலபுராணம், ஊர்ப்பெயர் ஆய்வு என்று எதை எடுத்தாலும் அதில் நாம் இன்றும் திருநெல்வேலி மாவட்டம்தான். அச்சானது அச்சானதுதான். அதே சமயம் தமிழ் விக்கிப்பீடியாவில் இந்த வட்டாரத்து ஊர்களைப் பற்றிய கட்டுரைகளில் மாவட்டத்தின் பெயரை ஒவ்வொன்றாக மாற்றிவிட்டார்கள். கடையநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில், செங்கோட்டை, நடுவே உள்ள சின்னஞ்சிறு ஊராட்சிகள் வரை. எந்தத் துறையும் அதற்கு ஆணை போடவில்லை, யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. 'தொகு' என்ற பொத்தானை யாரும் அழுத்தலாம் என்பதால் நடந்த வேலை அது.

கடந்த சில வாரங்களாக இந்தத் தொடரில் நம் ஊரிலிருந்து கடல் கடந்தவர்களைப் பின்தொடர்ந்து வருகிறோம். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர்கள், தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியமர்ந்தவர்கள், 1941இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைத் தொடங்கியவர்கள், 1946இல் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளி நடத்தியவர்கள் என்று பார்த்தோம். இந்த வாரம் ஆட்களை விட்டுப் புத்தகங்களைப் பின்தொடர்வோம். பல ஆண்டுகள் அடுக்கில் நின்ற புத்தகம் வலையேறியபோது என்ன ஆயிற்று? வாசகன் தொடக்கூடாத பக்கத்தை வாசகனே திருத்தலாம் என்று ஆனபோது நூலகங்கள் என்ன செய்தன? நம் ஊரின் வரலாறு எங்கெங்கு எழுதப்படப் போகிறது என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி இது. அதனால்தான் தொடரின் நடுவில் இதற்கு ஒரு முழு அத்தியாயம்.

முதலில் நூலகத்திலிருந்து தொடங்குவோம். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் அதுவே முதல். அதற்குப் பின்னால் நின்றவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அன்றைய கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார். அந்தச் சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. வீட்டுக்கு நாம் கட்டும் சொத்து வரியோடு அதுவும் சேர்ந்தே வசூலாகிறது. மாவட்ட நூலக ஆணைக்குழு அந்தப் பணத்தில் மைய நூலகத்தையும் கிளை நூலகங்களையும் ஊர்ப்புற நூலகங்களையும் நடத்துகிறது. கடையநல்லூரில் ஓட்டு வீடு வைத்திருக்கும் நெசவாளிகூடத் தன் வரி ரசீதில் நூலகத்துக்குப் பணம் கொடுத்தவர். புத்தகம் வாங்கியது அவர் காசு. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பணம் ஊராருடையதாக இருந்தபோதும், நூலகத்தின் உள்ளே ஊராருக்கு இருந்த வேலை வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதும் மட்டும்தான்.

வாசலில் வருகைப் பதிவேடு. மேசையில் நாளிதழ்கள். புத்தகத்தின் பின்னட்டைக்கு உள்ளே ஒட்டிய தாளில் தேதி முத்திரைகள். ஓரத்தில் பென்சிலால் யாராவது ஒரு சொல்லைத் திருத்தியிருந்தால் அது குற்றம். நூலகர் கடிந்துகொள்வார், கடிந்துகொள்வது அவர் கடமை. அந்தப் பென்சில் குறிப்புகளில் பல சரியானவை என்பது பழைய நூல்களைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். ஆண்டு தவறாக அச்சாகியிருக்கும், ஓரத்தில் சரியான ஆண்டை ஒருவர் குறித்திருப்பார். ஊர்ப்பெயர் மாறி அச்சாகியிருக்கும், அந்த ஊர்க்காரர் ஒருவர் கோடிட்டு மாற்றியிருப்பார். அந்த அறிவு அந்த ஒரு பிரதியோடு நின்றுபோனது. அடுத்த ஊர் நூலகத்தில் இருந்த பிரதிக்கு அது போய்ச் சேர வழியில்லை.

ஊராரைச் சேர்த்துக்கொள்ள நூலகத் துறைக்கு மனமில்லாமல் இல்லை. ஆயிரம் ரூபாய் கட்டினால் புரவலர். பெயர் பலகையில் ஏறும். வாசகர் வட்டம் என்று ஒவ்வொரு கிளைக்கும் ஓர் அமைப்பு உண்டு. நூலக வார விழா நடத்துவார்கள், பேச்சுப் போட்டி வைப்பார்கள், நாற்காலி வாங்கித் தருவார்கள். கட்டடத்துக்கும் விழாவுக்கும் கை கொடுத்த அந்த மனிதர்களை நூலின் உள்ளடக்கத்துக்குக் கை கொடுக்க யாரும் அழைக்கவில்லை. அழைக்கும் வழியும் அன்று இல்லை.

ஆனால் பலர் கூடி ஒரு நூலைத் திருத்துவது நம் சீமைக்குப் புதிதா என்று கேட்டால், இல்லவே இல்லை. பத்துப்பாட்டுக்குச் சுவடி தேடி உ.வே. சாமிநாதையர் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார். ஆழ்வார்திருநகரியில் கவிராயர்கள் வீட்டில் ஏடுகள் கிடைத்தன. ஒரு சுவடியில் சிதைந்த வரி இன்னொரு சுவடியில் முழுதாக இருக்கும். அதில் விட்ட சீர் மூன்றாவதில் கிடைக்கும். ஒப்பிட்டு ஒப்பிட்டு 1889இல் பத்துப்பாட்டு அச்சேறியது. எங்கெங்கே பாடம் வேறுபடுகிறது என்பதைப் பதிப்பில் குறித்தார். யார் ஏடு கொடுத்தார், யார் துணை செய்தார் என்று முன்னுரையில் எழுதினார். பல கைகள் பட்ட நூல் அது, ஒவ்வொரு கைக்கும் பதிவு உண்டு.

சீறாப்புராணமும் அப்படித்தான். உமறுப் புலவர் பதினேழாம் நூற்றாண்டில் பாடிய காப்பியம், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள். ஏடுகளில் சிதறிக் கிடந்ததைத் தேடிச் சேர்த்து 1842இல் அச்சேற்றியவர் புலவர் நாயகம் என்று போற்றப்படும் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம். தமிழ் முஸ்லிம் வீடுகளில் இந்தக் காப்பியம் உரக்க வாசிக்கப்பட்டுப் பொருள் சொல்லப்பட்டது. கடையநல்லூர்க்காரர்கள் சிங்கப்பூரில் தங்கள் பள்ளிக்கு உமறுப் புலவர் பெயரை வைத்தது சும்மா இல்லை.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டும் நம் பக்கத்திலேயே உண்டு. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் வட்டத்தொட்டி. அவர் வீட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடுவார்கள், ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் அனுபவிப்பார்கள். பிற்காலத்தில் குற்றாலத்தில் அவர் வீடு தமிழ்நாட்டு எழுத்தாளர்களுக்கெல்லாம் தங்குமிடமானது. கூடி வாசிப்பதில் அவருக்கு நிகர் யாருமில்லை. ஆனால் கம்பராமாயணத்தைப் பதிப்பித்தபோது, இது கம்பன் வாக்காக இருக்க முடியாது என்று தன் ரசனைக்குப் பட்ட பாடல்களை ஒதுக்கினார், சொற்களை மாற்றினார். தமிழறிஞர்கள் கொதித்தார்கள். டி.கே.சி.யின் ரசனை மீது எனக்கு அளவற்ற மதிப்பு உண்டு. இந்த விஷயத்தில் கொதித்தவர்கள் பக்கம்தான் நான். மாற்றலாமா கூடாதா என்பதைவிட, எது மாற்றப்பட்டது என்பதை வாசகன் கண்டுகொள்ள முடிகிறதா என்பதே எனக்குப் பெரிய கேள்வி. அவர் பதிப்பை மட்டும் கையில் வைத்திருப்பவர் அதைக் கண்டுகொள்ள முடியாது.

இந்த இரண்டு மரபையும் மனத்தில் வைத்துக்கொண்டு இணையத்துக்கு வருவோம்.

1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழும் வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் அதை முன்னின்று நடத்தினார். அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ச்சுனன் துணைநின்றார். உலகெங்கும் இருந்த தமிழர்கள் ஆளுக்கொரு பகுதியைத் தட்டச்சு செய்தார்கள், வேறொருவர் மெய்ப்புப் பார்த்தார், மின்னஞ்சலில் கோப்புகள் பறந்தன. அன்று கணினியில் தமிழுக்குப் பொதுவான குறியீடு இல்லை. மயிலை எழுத்துருவில் அடித்தது இன்னொருவர் கணினியில் கிறுக்கலாகத் தெரியும். பிறகு திஸ்கி வந்தது, அதன்பின் யூனிகோடு வந்தது. ஒவ்வொரு முறையும் கோப்புகளை மாற்ற வேண்டியிருந்தது. அத்தனை சிரமத்திலும் சங்க இலக்கியம், திருமுறைகள், பிரபந்தம், சீறாப்புராணம் என்று நூறு நூறாக நூல்கள் ஏறின. நூலகத்தில் சீறாப்புராணத்தின் ஒரு காண்டம் இருந்து மற்றொரு காண்டம் இல்லாமல் அலைந்த வாசகர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். இதைச் செய்தவர்களில் பலர் பொறியாளர்கள், மருத்துவர்கள், மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள். நூலகத் துறை இதில் இல்லை.

2003 செப்டம்பரில் தமிழ் விக்கிப்பீடியாவின் முதல் பக்கங்கள் தோன்றின. அதை ஒரு கலைக்களஞ்சியமாக நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தானே எழுதினார். 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்குக் கிடைத்தது. 2017இல் தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டது. பத்துத் தொகுதிகளாக அச்சான நம் அருமையான தமிழ்க் கலைக்களஞ்சியத்தை மாற்ற அடுத்த பதிப்பு வரவேண்டும். இதை மாற்ற ஒரு பிற்பகல் போதும்.

இலங்கையில் இதே வேலைக்குப் பின்னால் ஒரு தீ இருந்தது. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அவற்றில் இருந்தன. ஒரே கட்டடத்தில், ஒரே பிரதியாக எதையும் வைத்திருக்கக் கூடாது என்ற பாடத்தை அதைவிடக் கொடூரமாக யாரும் கற்றிருக்க முடியாது. 2005இல் தி. கோபிநாத், மு. மயூரன் போன்ற இளைஞர்கள் நூலகம் என்ற பெயரிலேயே மின்னூலகம் ஒன்றைத் தொடங்கினார்கள். அது விக்கிப்பீடியா இயங்கும் அதே மென்பொருளில் அமைந்தது. ஈழத்து நூல்கள், சிற்றிதழ்கள், கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள், துண்டுப் பிரசுரங்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இன்று அங்கே உள்ளன. ஒரு பள்ளிக்கூடத்தின் நூற்றாண்டு மலரையும் பெரும்புலவரின் நூலையும் ஒரே மரியாதையோடு ஸ்கேன் செய்து வைத்தது அவர்கள் செய்த பெரிய காரியம். பெரிய நூலகங்கள் 'இதெல்லாம் நூலா' என்று ஒதுக்கியவற்றில்தான் ஊர்களின் வரலாறு இருக்கிறது. இந்தத் தொடரை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அது தினமும் தெரிகிறது.

வெளியுலகத்தில் நூலகங்களே முன்வந்து கதவைத் திறந்த ஆண்டு என்று 2008ஐச் சொல்லலாம். அந்த ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் பழைய புகைப்படங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் பிளிக்கர் தளத்தில் ஏற்றி, இதில் இருப்பது யார், எந்த இடம் என்று மக்களைக் கேட்டது. மக்கள் சொன்னார்கள், சரிபார்த்து நூலகம் தன் பட்டியலைத் திருத்திக்கொண்டது. அதே ஆண்டு ஆஸ்திரேலியத் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை ஸ்கேன் செய்து போட்டபோது, கணினி தவறாகப் படித்த வரிகளை வாசகர்களே திருத்த இடம் கொடுத்தது. பின்னாளில் டிரோவ் என்ற பெயரில் வளர்ந்த அந்தத் தளத்தில் மக்கள் இதுவரை கோடிக்கணக்கான வரிகளைத் திருத்தியிருக்கிறார்கள். தாத்தாவின் மரண அறிவிப்பைத் தேடி வந்தவர் அதைத் திருத்திவிட்டு, பக்கத்துப் பத்தியையும் திருத்திவிட்டுப் போகிறார். விஷமம் செய்வார்கள் என்று பயந்தவர்கள் எதிர்பார்த்த அழிவு வரவில்லை.

நம்மிடம் அந்தக் கதவு திறந்த விதம் தனிக்கதை. தமிழ்நாட்டில் எழுத்தாளர்களின் படைப்புகளை அரசே பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமையாக்கும் வழக்கம் இருக்கிறது. 1949இல் பாரதியின் நூல் உரிமைகளை ஓமந்தூரார் அரசு பெற்றதிலிருந்து வரும் மரபு அது. இந்த அளவில் இதைச் செய்த வேறு மாநிலம் இந்தியாவில் இல்லை. நாட்டுடைமையான நூலை யாரும் அச்சிடலாம். ஆனால் வெகுகாலம் அந்த உரிமையைப் பயன்படுத்தியவர்கள் பதிப்பகங்கள்தாம். தமிழ் இணையக் கல்விக்கழகம் இந்த நூல்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தது. 2015–16இல் அவற்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள், யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு, விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பாக மூல நூல்களுக்கென்றே இயங்கும் விக்கிமூலம் தளத்துக்கு வந்துசேர்ந்தன. ஒரு அரசு நிறுவனம் தன் கையிலிருந்த செல்வத்தை நிபந்தனையின்றிப் பொதுவில் வைத்தது. இதற்குரிய பாராட்டு அந்த முடிவை எடுத்தவர்களுக்குப் போதிய அளவு கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அந்த இரண்டாயிரம் நூல்களும் அப்போது வெறும் படங்கள். படத்துக்குள் சொல்லைத் தேட முடியாது, பார்வையற்றவருக்குக் கணினி அதைப் படித்துக் காட்ட முடியாது. படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் கூகுளின் எழுத்துணரி தமிழையும் படிக்கும் என்று ஆனதும், த. சீனிவாசன் என்ற கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் ஒரு நிரல் எழுதினார். ஸ்கேன் செய்த நூலைப் பக்கம் பக்கமாக எழுத்துணரிக்கு அனுப்பி, வரும் உரையை விக்கிமூலத்தில் அந்தந்தப் பக்கத்தில் இட்டுவிடும். லட்சக்கணக்கான பக்கங்கள் இப்படி ஏறின. பின்பு தொடங்கியது மனிதர் வேலை.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். திரையில் ஒருபுறம் பழைய நூலின் படம், மறுபுறம் எழுத்துணரி படித்த உரை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல் என்றால் ணை, லை, ளை, னை எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய வடிவில் இருக்கும். ணா, றா, னா மூன்றும் சுழித்து ஒரே எழுத்தாக நிற்கும். இயந்திரம் அங்கே தடுமாறும். ரகரத்தைத் துணைக்காலாகப் படிக்கும், துணைக்காலை ரகரமாகப் படிக்கும். மை வெளிறிய இடத்தில் புள்ளி போய், மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். செய்யுளின் பக்கத்தில் தமிழ் எண்களில் போட்ட பாட்டெண்ணை எழுத்தாக எண்ணிச் செய்யுளோடு சேர்த்துவிடும். ஒன்று 'க' ஆகும், இரண்டு 'உ' ஆகும். மெய்ப்புப் பார்ப்பவர் வரி வரியாக ஒப்பிட்டுச் சரிசெய்து சேமிக்கிறார். அதுவரை சிவப்பாக இருந்த பக்கம் மஞ்சளாகிறது. பிறகு இன்னொருவர் வந்து மீண்டும் ஒப்பிட்டால்தான் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க மென்பொருள் விடாது. ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர் பொறுப்பு.

இங்கே ஒரு விதி உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அது. மூல நூலில் அச்சுப்பிழையே இருந்தாலும் கமுக்கமாக மாற்றக்கூடாது. அச்சில் உள்ளதை அப்படியே தந்து, பிழை என்று குறிக்க வழி இருக்கிறது. அதற்கும் மேலாக, ஒவ்வொரு பக்கத்தின் பின்னாலும் வரலாறு என்ற பக்கம் இருக்கிறது. எந்தப் பயனர், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த எழுத்தை எதுவாக மாற்றினார் என்பதெல்லாம் அழியாமல் நிற்கும். உ.வே.சா. பாடபேதம் குறித்த நேர்மை இங்கே மென்பொருளுக்குள்ளேயே அமைந்துவிட்டது. வட்டத்தொட்டியின் நெருக்கடி இங்கே எழாது. எவ்வளவு பெரிய ரசிகரும் தன் மாற்றத்தை மறைக்க முடியாது, பிடிக்காதவர் ஒரு சொடுக்கில் பழையபடி ஆக்கலாம். கருத்து வேறுபட்டால் உரையாடல் பக்கத்தில் வாதிடலாம், அந்த வாதமும் அழியாது.

நூலகர்கள் பலருக்கு இதில் இருக்கும் தயக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எவர் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் சாதிப் பெருமையும் வதந்தியும் புகுந்துவிடாதா? புகும். நம் வட்டாரத்து ஊர்க் கட்டுரைகளிலேயே 'புகழ்பெற்றவர்கள்' என்ற தலைப்பின் கீழ் நண்பர்கள் பெயரைச் சேர்த்துவிட்டுப் போகும் வழக்கம் உண்டு. யாராவது கவனித்து நீக்குவார்கள், மறுவாரம் மீண்டும் வரும். இதற்கு விக்கிப்பீடியா கண்ட வழி சான்று கேட்பது. அச்சான நூலோ நாளிதழோ ஆய்வோ காட்டு என்கிறது. இங்கேதான் கடையநல்லூர் போன்ற ஊர் அடிபடுகிறது. தறிக்குழியில் உட்கார்ந்து நெய்தவர்களின் வரலாற்றுக்கு அச்சான சான்று எங்கே? கருப்பாநதித் தண்ணீரைப் பங்கிட்ட முறைக்குச் சான்று எங்கே? வாய்மொழியாக இருப்பது கட்டுரையில் ஏறாது, ஏறினாலும் 'சான்று தேவை' என்ற குறி ஒட்டும். அந்தச் சான்றை எடுத்துக் கொடுக்கக்கூடிய இடம் நூலகம்தான். எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இந்தச் செய்தி இருக்கிறது என்று தேடித் தரும் பயிற்சி நூலகர்களுக்குத்தான் உண்டு. 2016 முதல் உலகெங்கும் நூலகர்கள் ஆண்டுதோறும் ஆளுக்கொரு சான்றையாவது விக்கிப்பீடியாவில் சேர்க்கும் இயக்கம் நடக்கிறது. தமிழ்நாட்டு நூலகங்கள் இதில் முழுமனதோடு இறங்கினால் ஒவ்வொரு கிளையும் தன் ஊர்க் கட்டுரைக்குக் காவலாக நிற்க முடியும். விஷமத்துக்குப் பயந்து விலகி நிற்பதால் விஷமம் குறைவதில்லை.

கடல் தாண்டிப் போனவர்களின் ஊர் இதை எப்படிச் செய்தது என்று பார்ப்போம். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் 2011இல் நினைவுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மக்கள் தங்கள் நினைவுகளை எழுதியும் படமாகவும் தரலாம், ஐம்பது லட்சம் நினைவுகள் திரட்டுவது இலக்கு. அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகம் 2015இல் குடிமக்களே ஆவணக்காரர் ஆகும் திட்டத்தைக் கொண்டுவந்தது: கையெழுத்து ஆவணங்களைப் பெயர்த்து எழுதலாம், படங்களில் இருப்பவரை அடையாளம் காட்டலாம். 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களையும் நூலக வாரியம் மின்வடிவில் வைத்திருக்கிறது. கடையநல்லூர்க்காரர்களின் கூட்டங்கள், பள்ளி விழாக்கள், நன்கொடைப் பட்டியல்கள் பற்றித் தேடுகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

தமிழுக்கென்றே அங்கே நடந்த காரியம் இன்னும் முக்கியமானது. அருண் மகிழ்நன் தலைமையில் தொண்டர்கள் குழு ஒன்று, 1965 முதல் 2015 வரை சிங்கப்பூரில் வெளியான தமிழ் இலக்கிய நூல்களைத் திரட்டியது. நாடு ஐம்பது ஆண்டு நிறைவைக் கொண்டாடிய 2015 ஆகஸ்டில் ஏறத்தாழ 350 நூல்கள் மின்வடிவில் நாட்டுக்குக் கையளிக்கப்பட்டன. நூலக வாரியம் ஸ்கேன் செய்தது. எழுத்தாளர்கள் இசைவு தந்தார்கள். எழுத்துணரி படித்ததைத் தொண்டர்கள் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தார்கள், மாணவர்கள் உட்பட. அரசு நூலகமும் ஊராரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்த வேலை இது. உமறுப் புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டாலும் அதில் படித்தவர்களின் தமிழ் அந்தச் சமூகத்தில் புழங்கிக்கொண்டே இருக்கிறது. இப்படியான வேலைக்குக் கைகள் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

ஆக, நம் ஊர்க்காரர் ஒருவருடைய பேரன் சிங்கப்பூரில் தன் தாத்தாவின் நினைவை ஒரு தேசிய நூலகத்தில் பதிய முடியும். அதே தாத்தாவின் தம்பி கடையநல்லூரிலேயே தறி நெய்து வாழ்ந்திருந்தால், அவர் பேரன் எங்கே பதிவது? இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. வாசகர் வட்டம் இருக்கிறது, நூலகங்களில் கணினி இருக்கிறது, கல்லூரி மாணவர் கையில் போன் இருக்கிறது. விக்கிமூலத்தில் பயனர் கணக்கு தொடங்கக் காசு வேண்டாம். பேச்சுப் போட்டிக்குக் கூடும் அதே வாசகர் வட்டம் மாதத்தில் ஒரு நாள் நம் சீமை ஆசிரியர் ஒருவரின் நாட்டுடைமை நூலை எடுத்துப் பத்துப் பக்கம் மஞ்சளாக்கலாம். பழைய எழுத்து படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் மாணவர்களுக்கு அதுவே பாடம். ரங்கநாதன் நூலகத்தை வளரும் உயிர் என்று 1931லேயே எழுதிவிட்டார். அதே 1931இல் மன்னார்குடி பக்கத்து மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாக அனுப்பினார். வாசகர் இருக்கும் இடத்துக்குப் போவது நம் நூலக இயக்கத்தின் பழைய வழக்கம். வாசகர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிட அவசரமானது வீடுகளில் கிடப்பது. சிங்கப்பூரிலும் மலேயாவிலும் நம் ஊர்ச் சங்கங்கள் போட்ட ஆண்டு மலர்கள், ஊர்ப் பள்ளிகளின் மலர்கள், கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களின் அறிக்கைகள், திருமண வாழ்த்து மடல்கள், மீலாது விழா அழைப்பிதழ்கள், கொடை விழா நோட்டீசுகள். பழுப்பேறிய காகிதம், துருப்பிடித்த ஊசி. வீடு இடித்துக் கட்டும்போது முதலில் எடைக்குப் போவது இவைதாம். ஈழத்து நண்பர்கள் செய்ததுபோல் இவற்றை ஸ்கேன் செய்து வைத்தால், விக்கிப்பீடியா கேட்கும் அச்சான சான்று இவையே.

உரிமை விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பலர் இங்கேதான் தயங்குகிறார்கள். இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து அறுபது ஆண்டு முடிந்தால் அவர் எழுத்து பொதுவுடைமை. பெயர் போடாமல் வந்த எழுத்துக்கு, வெளியான ஆண்டிலிருந்து அறுபது. இலங்கையில் எழுத்தாளர் மறைவுக்குப் பின் எழுபது ஆண்டு. அதற்குள் வருபவை என்றால் உரிமையாளர் இசைவு வேண்டும்: சங்கம் வெளியிட்டது என்றால் சங்கம், தனி எழுத்தாளர் என்றால் அவரோ வாரிசோ. இசைவுக் கடிதத்தின் மாதிரி, விக்கித் தளங்களுக்கான கோப்புகளை ஏற்றி வைக்கும் விக்கிமீடியா பொதுவகத்திலேயே இருக்கிறது. நூலின் பெயரையும் எந்த உரிமத்தில் தருகிறோம் என்பதையும் நிரப்பி, உரிமையாளர் தன் மின்னஞ்சலிலிருந்து அனுப்ப வேண்டும். தன்னார்வலர்கள் சரிபார்த்து அந்தக் கோப்போடு அதை இணைத்து வைப்பார்கள். அதன்பின் மலரை ஏற்றலாம். நம் வாசகர்களிடம் 1960க்கு முன் வெளியான கடையநல்லூர் மலர்கள் இருந்தால், கிழிந்த பக்கங்களை ஒட்டாமல், ஊசியை மட்டும் கழற்றிவிட்டு, தட்டையாக வைத்திருங்கள். பசைநாடா ஒட்டிய இடத்தில் எழுத்து பிறகு தெரியவே தெரியாது.

(தொடரும்)